மூக்குல விலாங்கு... முதுகுல கேமரா!

2018 டிசம்பர்ல ஒரு போட்டோ உலகத்தையே ஒரு ரவுண்டு வந்துச்சு. நீங்களும் பார்த்திருக்கலாம். கரையில ஓர் இளம் சீல் படுத்திருக்கு. கண்ணு பாதி மூடியிருக்கு. முகத்துல, அரியர் ரிசல்ட் பார்த்துட்டு வந்து உட்கார்ந்த நம்ம ஃப்ரெண்ட் மாதிரி ஓர் அமைதி. அதோட மூக்குல இருந்து நூடுல்ஸ் மாதிரி தொங்கிக்கிட்டு இருந்தது... ஒரு நிஜ விலாங்கு மீன்!

கிராஃபிக்ஸ் எல்லாம் இல்லைங்க. ஹவாய்த் தீவுகள்ல மாங்க் சீல்களை ஆராயற 'நோவா'ங்கற அமெரிக்க அரசு அமைப்பே வெளியிட்ட படம் அது. முதல் கேஸும் இல்லை. 2016-லேயே லிசியான்ஸ்கிங்கற குட்டித் தீவுல இதே கோலத்துல ஒண்ணைப் பார்த்திருக்காங்க. அப்புறம் இன்னும் சில. எல்லாமே இளசுங்க. ஆராய்ச்சியாளர்கள் அமுக்கிப் பிடிச்சு, விலாங்கை உருவி எடுத்துட்டு, 'போய்யா ராசா'ன்னு விட்டுட்டாங்க. சீல் பிழைச்சுக்கிச்சு. விலாங்குக்குத்தான் பாவம், அதோட கதை முடிஞ்சது.

எப்படி உள்ளே போயிருக்கும்? ரெண்டு யூகம். சீல் இரை தேடறப்போ பாறை இடுக்குல முகத்தை நுழைச்சுத் துழாவும். தப்பிக்க வழியில்லாத விலாங்கு கிடைச்ச ஓட்டையில புகுந்திருக்கலாம். இல்லேன்னா, முழுங்கினதை சீல் வெளியே கக்கறப்போ அது ரூட் மாறி மூக்கு வழியா வந்திருக்கலாம். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுமே நம்ம ஊர்ப் பழமொழி விலாங்கு, அது சீல்கிட்ட எதைக் காட்டி மாட்டுச்சோ!

சிரிச்சாச்சா? இப்ப விஷயத்துக்கு வருவோம். அந்தப் போட்டோவுக்குப் பின்னாடி, பல வருஷமா விஞ்ஞானிகள் மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கிற ஒரு கேள்வி இருக்கு. 'இந்தக் குட்டிங்க கடலுக்குள்ள போய் என்னதான் சாப்பிடுது?' ஏதோ பொழுதுபோக்குக் கேள்வி மாதிரி இருக்கா? ஓர் உயிரினத்தோட தலையெழுத்தே இதுலதான் மாட்டிக்கிட்டு நிக்குது.

ஹவாய் மாங்க் சீல் உலகத்துல வேற எங்கேயும் கிடையாது. ஹவாய் மக்கள் இதுக்கு வெச்ச பேருக்கு, 'கொந்தளிக்கிற தண்ணியில ஓடற நாய்'னு அர்த்தம். நாமளும் தமிழ்ல கடல் நாய்னுதானே சொல்றோம்? எங்கேயோ இருக்கிற ரெண்டு மொழிக்காரங்களுக்கும் ஒரே மாதிரி தோணியிருக்கு பாருங்க. 'மாங்க்'னா துறவி. கழுத்துல துறவி முக்காடு மாதிரி மடிப்பு. கூட்டமும் பிடிக்காது, தனிக்காட்டு ராஜா. இதோட சொந்தக்கார இனமான கரீபியன் மாங்க் சீலைக் கடைசியா உறுதியாப் பார்த்தது 1952-ல. 2008-ல 'அழிஞ்சு போச்சு'ன்னு அதிகாரபூர்வமா அறிவிச்சுட்டாங்க. ஹவாய் சீல் 1976-லேயே அழியும் ஆபத்துப் பட்டியல்ல ஏறிடுச்சு. 2022-ல வெளியான கணக்குப்படி மொத்தமே 1,570 சொச்சம். நம்ம ஊர்ல ஒரு சுமாரான காலேஜோட ஸ்ட்ரெங்த் கூட இதைவிட அதிகம்.

பிறக்கறப்போ குட்டி கறுகறுன்னு சுமார் 15 கிலோ இருக்கும். அடுத்த அஞ்சாறு வாரத்துக்கு அம்மா பக்கத்தை விட்டு நகராது. சோறு தண்ணி இல்லாம, தன் உடம்புக் கொழுப்பையே கரைச்சுப் பாலாக் குடுக்கும். குட்டி 70, 80 கிலோவுக்கு பலூன் மாதிரி ஊதிடும். அம்மா எலும்பும் தோலுமா ஆயிடும். ஒருநாள், ஒரு 'டாட்டா' கூடக் காட்டாம, அம்மா கடல்ல இறங்கிப் போயிடும். அவ்வளவுதான். இனிமே திரும்பிப் பார்க்காது.

நீங்க முதல்முதலா ஹாஸ்டல் போனப்போ அம்மா புளிக்காய்ச்சல் பாட்டில், முறுக்கு டின், ஊறுகாய் எல்லாம் கட்டிக் குடுத்தாங்கல்ல? இந்தக் குட்டிக்குக் கட்டுச்சோறு, உடம்புல இருக்கிற கொழுப்பு மட்டும்தான். எப்படி மீன் பிடிக்கணும்னு யாரும் சொல்லிக்குடுக்கலை. எது சாப்பாடு, எது சாப்பாடு இல்லைன்னுகூடத் தெரியாது. கடல் அட்டையைக் கவ்விப் பார்க்கும். மிதந்து வர்ற குச்சியைக் கடிச்சுப் பார்க்கும். அறுந்து போன மீன் வலையில தலையை விட்டு மாட்டிக்கிறதும் இந்த வயசுலதான் அதிகம். கட்டுச்சோறு தீர்றதுக்குள்ள பாடம் படிச்சாகணும். படிச்சா பாஸ். படிக்கலைன்னா... சப்ளிமெண்டரி எக்ஸாம் கிடையாது.

நிறைய குட்டிங்க பாஸாகலை. அதுதான் பிரச்னையே. ஹவாயோட முக்கியத் தீவுகளைத் தாண்டி, வடமேற்கே சுமார் 2,000 கிலோமீட்டருக்கு மணல் திட்டும் பவளப் பாறையுமா ஒரு தீவுச் சங்கிலி நீண்டு போகுது. அதுல 'ஃப்ரெஞ்ச் ஃப்ரிகேட் ஷோல்ஸ்'னு ஓர் இடம். ஹவாய்ப் பேர் லாலோ. ஒரு காலத்துல மாங்க் சீல்களோட பெரிய தலைநகரமே இதுதான். 1980-களோட கடைசியில இருந்து அங்கே குட்டிங்க இளைச்சு இளைச்சுச் சாக ஆரம்பிச்சது. பெரிய சீல்கள் ஓரளவு நல்லாத்தான் இருந்தது. சின்னதுங்களுக்குத்தான் சோறு கிடைக்கலை. ஏன்?

சந்தேகம் முதல்ல மனுஷங்க மேல போச்சு. அந்தப் பக்கத்துல 1970-களோட கடைசியில ஆரம்பிச்ச சிங்கி இறால் வேட்டை ஒண்ணு நடந்துக்கிட்டு இருந்தது. 'சீல் குட்டியோட சோத்துல கை வைக்கிறீங்க'ன்னு ஒரு கட்சி. 'சீல் சிங்கி இறால் சாப்பிடுதுன்னு யார் சொன்னது, காட்டு பார்ப்போம்'னு இன்னொரு கட்சி. நியாயமான கேள்விதானே? ஆனா காட்டறதுதான் பெரும்பாடு. சீல் சாப்பிடறது தண்ணிக்கு அடியில. கரைக்கு வந்தா தூங்கறது மட்டும்தான் வேலை.

சரி, கரையில கிடைக்கிறதுல இருந்து ஆரம்பிப்போம்னு முடிவு பண்ணாங்க. அதாவது... மூக்கைப் பிடிச்சுக்குங்க... சீல் போன கழிவு, எடுத்த வாந்தி! 1991-ல இருந்து 1994 வரைக்கும் அந்தத் தீவுகள் பூரா பொறுக்கின 900-க்கும் மேற்பட்ட சாம்பிள்களைப் பையில போட்டுக் கொண்டுவந்து, சல்லடையில கொட்டி, தண்ணி விட்டு அலசி அலசிப் பார்த்தாங்க. இந்த ஆய்வு 1998-ல வெளியாச்சு. 'ரிசர்ச்'னா வெள்ளைக் கோட்டு, மைக்ராஸ்கோப்புன்னு கனவுல இருக்கிறவங்க இந்தச் சல்லடையையும் கொஞ்சம் மனசுல வெச்சுக்குங்க.

சல்லடையில தங்கறது என்ன? மீன் எலும்பு, செதில், கணவாய் ஆக்டோபஸோட கிளி மூக்கு மாதிரியான அலகு. அப்புறம் ஒரு சூப்பர் சமாச்சாரம்: காதுக்கல். எலும்பு மீன்களோட தலைக்குள்ள, உடம்பைச் சமநிலையில வெச்சுக்கவும் சத்தம் கேட்கவும் உதவற சின்னக் கல் இது. மீனுக்கு மீன் இதோட வடிவம் வேற. ரேகை பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற மாதிரி, கல்லைப் பார்த்து மீனைச் சொல்லிடலாம். மரத்துல இருக்கிற மாதிரி இதுலயும் வளையங்கள் இருக்கும். எண்ணினா மீனோட வயசு தெரியும். நம்பிக்கை இல்லையா? அடுத்த தடவை வீட்டுல கத்தாழை மீன் குழம்பு வெச்சா, தலையை நீங்க வாங்கிக்குங்க. உள்ளே வெள்ளையா ரெண்டு கல் தட்டுப்படும். கத்தாழைக்குக் காதுக்கல் கொஞ்சம் பெருசு, சுலபமாக் கிடைக்கும். பரங்கிப்பேட்டையில கடல் உயிரியல் படிக்கிற நண்பர்கள், 'இதெல்லாம் எங்களுக்கு ஜுஜுபி பாஸ்'னு சொல்றது கேட்குது.

சல்லடை சொன்ன பதில்: சுமார் 79 சதவிகிதம் எலும்பு மீன், 16 சதவிகிதம் கணவாய், ஆக்டோபஸ் வகையறா, மிச்சம் 6 சதவிகிதத்துக்குள்ள இறால், நண்டு கோஷ்டி. மீன்ல மட்டுமே 31 குடும்பம். அதாவது சீலுக்கு 'ஸ்பெஷல் மீல்ஸ்'னு ஒண்ணும் கிடையாது. கிடைக்கிறதை எல்லாம் ஒரு கை பார்க்கிற பஃபே பார்ட்டி.

அப்ப சிங்கி இறால் கேஸ் தள்ளுபடியா? அங்கேதான் வக்கீல் பாயின்ட் இருக்கு. சீல் வயித்துல இருக்கிற அமிலம், சின்னக் காதுக்கல்லை எல்லாம் கரைச்சு ஏப்பம் விட்டுடும். மீன் தலையைக் கடிச்சுத் துப்பிட்டு உடம்பை மட்டும் தின்னா காதுக்கல்லே உள்ளே போகாது. இறாலுக்கோ காதுக்கல்லே கிடையாது. மெத்துனு இருக்கிற சதையை மட்டும் தின்னா சாட்சியே மிஞ்சாது. கணவாய் அலகு மட்டும் சீக்கிரம் கரையாம நின்னு, தான் நிறைய இருக்கிற மாதிரி பில்டப் குடுக்கும். மெஸ் குப்பைத் தொட்டியை மட்டும் பார்த்து, 'இந்தப் பசங்க முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் தின்னே உயிர் வாழறாங்க'ன்னு ஒருத்தர் ரிப்போர்ட் எழுதினா எப்படி இருக்கும்? அந்த மாதிரி ஆபத்து இதுல இருக்கு.

சிங்கி இறால் இருப்புக் கணக்கே குழப்பமா இருந்ததால 2000-ல அந்த வேட்டையை நிறுத்திட்டாங்க. ஆனா கேள்வி நிக்கலை. அடுத்த ஆயுதம், கொழுப்பு. கனடாவோட டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா ஐவர்சனும் கூட்டாளிகளும் 2004-ல ஒரு வழியை வெளியிட்டாங்க. ஒவ்வொரு இரைக்கும் அதோட கொழுப்பு அமிலங்கள்ல ஒரு தனி கலவை இருக்கு. அது பெருசா மாறாம சீலோட தோலுக்கடிக் கொழுப்புல போய்ப் படியுது. சீல்கிட்ட இருந்து துளியூண்டு கொழுப்பு எடுத்துக் கணக்குப் போட்டா, முந்தின வாரங்கள்ல அது என்னென்ன தின்னுச்சுங்கற மெனு கார்டே வந்துடும். பிரமாதம்தான். ஆனா ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் கடல்ல இருக்கிற இரை ஒவ்வொண்ணோட கொழுப்புக் கலவையும் முதல்ல கையில இருக்கணும். பவளப் பாறையில கணக்கு வழக்கில்லாத மீன் இனம். இந்த வேலையை யோசிச்சுப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது.

'எதுக்குச் சுத்தி வளைச்சுக்கிட்டு? கூடவே போய்ப் பார்த்துட்டா போச்சு'ன்னு இன்னொருத்தர் யோசிச்சார். கிரெக் மார்ஷல். 1986-ல பெலிஸ் நாட்டுக் கடல்ல முங்கியிருந்தப்போ ஒரு சுறா அவரை நோக்கி வந்திருக்கு. நாமளா இருந்தா குலதெய்வத்தைக் கூப்பிட்டிருப்போம். அவர் கண்ணு போனது சுறா உடம்புல ஓசியில ஒட்டிக்கிட்டு வந்த ஒரு மீன் மேல. 'அந்த மீன் இருக்கிற இடத்துல ஒரு கேமரா இருந்தா?' அந்தக் கேள்விதான் பின்னாடி 'கிரிட்டர்கேம்' ஆச்சு. மிருகத்தோட உடம்புல ஒட்டற கேமரா. நேஷனல் ஜியாகரபிக்கோட சேர்ந்து அவர் வளர்த்தெடுத்த இந்த சமாச்சாரத்தை, 1990-கள்ல மாங்க் சீல் முதுகுல பசை போட்டு ஒட்டினாங்க. சில நாள் கழிச்சு சீலைத் திரும்பப் பிடிச்சுக் கழட்டிக்கணும்.

முதல்ல வளர்ந்த ஆண் சீல்கள். கரையை ஒட்டின பவளப் பாறையில, மீன் மொய்க்கிற இடத்துலதான் மேயும்னு எல்லோரும் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. படம் ஓட ஆரம்பிச்சதும் மொத்தப் பேருக்கும் ஷாக். அழகழகான பவளத் தோட்டத்தை எல்லாம் ஐயா கண்டுக்கவே இல்லை. அதைத் தாண்டி 60 மீட்டர் ஆழத்துல, உடைஞ்ச கல்லும் மணலுமா கிடக்கிற பொட்டல் காட்டுக்குப் போயிருக்கார். சிலது 300 மீட்டருக்கும் கீழே, ஆழ்கடல் பவளம் வளர்ற இருட்டுக்குள்ள எல்லாம் போயிருக்கு.

அப்புறம்தான் நம்ம ஹீரோக்கள் மேட்டருக்கு வந்தாங்க. ஒண்ணுல இருந்து மூணு வயசு வரைக்குமான சின்ன சீல்களுக்குக் கேமரா மாட்டி, ஃபிராங்க் பேரிஷும் குழுவும் பண்ணின ஆய்வு 2005-ல வெளியாச்சு. குட்டிங்க அந்த வெறும் மணல் வெளிக்கே போகுது. 50-ல இருந்து 100 மீட்டர் ஆழத்துல தரையோட தரையா நீந்தி, மணலை மூக்கால கிளறி, சின்னச் சின்னக் கல்லைப் புரட்டிப் பார்க்குது. கல்லுக்கு அடியில ஒளிஞ்சிருக்கிற விரலத்தனை மீன் துள்ளி ஓடறப்போ ஒரே கவ்வு. அதுக்குள்ள மூச்சு முட்டும், மேலே வரணும். திரும்பக் கீழே போகணும். பெரிய சீலுக்கு 200 கிலோ உடம்பு, பாறாங்கல்லையே தள்ளிட்டு அடியில இருக்கிற கொழுத்த விலாங்கை எடுத்துக்கும். குட்டிக்கு அந்த பலம் இல்லை. நம்மூர்ல வேலை தேடி அலையற ஃப்ரெஷர் மாதிரி, 'எக்ஸ்பீரியன்ஸ் இல்லை'னு எல்லாப் பெரிய கல்லும் கதவைச் சாத்திடுது.

இதைவிடக் கொடுமை, அந்த வீடியோக்கள்ல தெரிஞ்ச இன்னொரு காட்சி. சீல் தனியா மேயலை. பின்னாலேயே ஒரு கும்பல் சுத்துது. பெரிய பெரிய பாரை மீன், சுறா! கல்லைப் புரட்ட இதுங்களுக்குத் தெரியாது. அதனால சீல் புரட்டற வரைக்கும் பொறுமையாக் காத்திருந்து, இரை வெளியே வந்ததும் பாய்ஞ்சு லவட்டிக்கும். 2008-ல இதைப் பத்தி மட்டும் தனியா ஓர் ஆய்வே வந்தது. பெரிய சீல் தோளை உலுக்கிச் சமாளிச்சுக்கும். சின்னதுகிட்டதான் இந்த ரவுடித்தனம் பலிக்கும். மெஸ்ல தட்டை வெச்சுட்டுத் தண்ணி பிடிச்சுட்டு வர்றதுக்குள்ள ஆம்லெட்டைக் காணோம்னு அல்லாடின ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு, இந்தக் குட்டியோட வலி சட்டுனு புரியும்.

இப்ப க்ளைமாக்ஸ். ஹோனலூலு இருக்கிற பக்கம், மனுஷங்க நெருக்கியடிச்சு வாழற முக்கியத் தீவுகள்லயும் சுமார் 400 மாங்க் சீல்கள் இருக்கு. அங்கே குட்டிங்க கொழுகொழுன்னு வளருது, எண்ணிக்கையும் கூடுது. யாருமே வசிக்காத, மீன்பிடிக்கவே தடை போட்டிருக்கிற வடமேற்குத் தீவுகள்லதான் பட்டினி! தலைகீழா இருக்கேன்னு ரெண்டு பக்கத்துச் சாப்பாட்டையும் ஒப்பிட்டு 2013-ல ஓர் ஆய்வு வெளியாச்சு. மெனு ஏறக்குறைய ஒண்ணேதான். அப்ப வித்தியாசம் தட்டுல இல்லை, தட்டைச் சுத்தி நிக்கிறவங்ககிட்ட இருக்குன்னு ஆகுது. 2002-ல வந்த ஒரு கணக்கைப் பாருங்க. வடமேற்குத் தீவுப் பாறைகள்ல மொத்த மீன் எடையில 54 சதவிகிதம் சுறா, பாரை மாதிரி பெரிய வேட்டைக்கார மீன்கள். மனுஷங்க பிடிச்சுத் தீர்த்துட்ட முக்கியத் தீவுகள்ல அது வெறும் 3 சதவிகிதம். நாம பாழாக்கின கடல்ல குட்டி பிழைக்குது, கைபடாத கடல்ல தடுமாறுது. 'இயற்கையை அப்படியே விட்டுட்டா எல்லாம் சரியாயிடும்'னு மேடையில பேசற நண்பர்கள்கிட்ட இதை ஒரு தடவை காட்டணும்.

அதுக்காக முக்கியத் தீவுகள் சீலுக்குச் சொர்க்கம்னு நினைச்சுடாதீங்க. 'எங்க மீனை எல்லாம் இதுதான் தின்னு தீர்க்குது'ன்னு அங்கே ஒரு கோபம் இருக்கு. 2009-ல இருந்து சில சீல்களை சுட்டும் அடிச்சும் கொன்னிருக்காங்க. சீல் என்ன தின்னுது, எவ்வளவு தின்னுதுங்கற புள்ளிவிவரம் அங்கே வெறும் தீசிஸ் பேப்பர் இல்லை. ஊர்ப் பஞ்சாயத்துல வைக்கிற சாட்சி.

கண்டுபிடிச்சதை வெச்சு என்ன பண்ணினாங்க? பால் மறந்த குட்டிகளை, பிழைக்க வாய்ப்பு கம்மியான தீவுல இருந்து லேசான் மாதிரி வாய்ப்பு அதிகமான தீவுக்குக் கப்பல்ல இடம் மாத்தினாங்க. எலும்பும் தோலுமாக் கிடக்கிறதுக்குன்னே 2014-ல ஹவாயோட கோனா பகுதியில ஓர் ஆஸ்பத்திரி திறந்தாங்க, பேர் 'கே கை ஓலா'. அங்கே முதல்ல மீனை அரைச்சுக் கூழாக்கிக் குழாய் வழியா வயித்துக்குள்ள விடுவாங்க. தெம்பு வந்ததும் முழு மீன். அப்புறம் கடலுக்கு டிஸ்சார்ஜ். இன்னைக்கு உயிரோட இருக்கிற மாங்க் சீல்கள்ல சுமார் 30 சதவிகிதம், இப்படி யாராவது நேரடியாக் கை குடுத்ததால உயிரோட இருக்கிறதுங்க, இல்லேன்னா அதுங்களோட வாரிசுங்க.

கவலை தீர்ந்துடலை. 2018 அக்டோபர்ல 'வலாகா' புயல் வந்து, லாலோவுல சீல்கள் குட்டி போடற ஈஸ்ட் ஐலண்டையே அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. நேத்து வரைக்கும் தீவு, இன்னிக்கு அலை.

இவ்வளவும் படிச்சுட்டு, 'நாமளும் போய்க் கூடாரம் போட்டு சீல் பார்க்கலாமே'ன்னு யாருக்காவது ஆசை வந்திருந்தா ஒரு தகவல். அந்தத் தீவுகளுக்கு ஆய்வுக்குப் போறவங்க புத்தம் புது டிரெஸ்தான் எடுத்துட்டுப் போகணும். அதையும் 48 மணி நேரம் ஃப்ரீஸர்ல வைக்கணும். ஒரு விதை, ஒரு எறும்பு கூட ஒட்டிக்கிட்டுப் போயிடக் கூடாதாம். அப்புறம் மாசக்கணக்குல செல்போன் டவர் இல்லாத மணல் திட்டு. காலையில எழுந்ததும் ஒரு பையை எடுத்துக்கிட்டு, சீல் படுத்து எழுந்து போன இடமாப் பார்த்து நடக்கணும். பையில எதைப் பொறுக்கிப் போடணும்னு உங்களுக்கே தெரியும்!